துண்டுப் பிரசுரங்களின் பின்பக்கம்

நடந்தவை, வரிசைப்படி:

1. அப்பாவும் அம்மாவும் சிட்னி ரூங்காபி வீட்டை விற்றுவிட்டு ஒரு சின்ன அடுக்குமாடி யூனிற்றுக்கு மாறத் தீர்மானித்தார்கள். கராஜில் இருந்த ஏழு பெட்டிகளை நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இலங்கைப் போர்க்காலத் துண்டுப் பிரசுரங்கள்.

2. மூன்று வார இறுதிகளில் எல்லாவற்றையும் ஸ்கான் செய்தேன். இரண்டு பக்கமும்.

3. தமிழ் எழுத்தை வாசிக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டு, எந்தச் சொல்லைத் தட்டினாலும் அந்தச் சொல் உள்ள தாள், அந்த ஒற்றை, திரையில் வரும்படி செய்தேன்.

4. இணையத்தளம் ஒன்று கட்டி, அதன் இணைப்பை எனக்குத் தெரிந்த மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன்.

5. நான்காம் நாள், எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான அன்ரி ஒருவரின் பெறாமகள், மெல்பேர்ணில் இருந்தபடி விளையாட்டாக அன்ரியின் பெயரையும் ஊரையும் தட்டிப் பார்த்தாள். ஒரு ஒற்றை வந்தது.

6. அன்ரி பன்னிரண்டு நாளில் யாழ்ப்பாணம் போவதற்கு ரிக்கற் எடுத்திருந்தார்.

ஆறாவதை நான் முதலிலேயே அறிந்திருந்தேன். அன்ரியை வளர்த்த அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அன்ரி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லீவு கேட்டு, கிடைத்து, அக்காவுக்கு முன்னால் திறக்கும் நைற்றிகளாகத் தேடி வாங்கிக்கொண்டிருந்தார். இதெல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. ஆனால் பெட்டிகளையும் பயணத்தையும் நான் ஒருபோதும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவை என் மூளையில் வேறு வேறு அட்டவணைகளில் இருந்தன.

போர் முடிந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். எனக்கு அந்தத் தாள்கள் என்றால் மேய்ஸ் ஹில் முருகன் கோவில் கார் நிறுத்துமிடம். பூசை முடிந்து வந்தால் எல்லாக் கார்களின் கண்ணாடித் துடைப்பான்களுக்குள்ளும் ஒன்று செருகியிருக்கும். அப்பா அதை எடுத்து, வாசித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைப்பார். எந்தப் பக்கத்தாருடையது என்றாலும் எறிய மாட்டார். செருகியவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பெட்டிகளைத் திறந்தபோது முதலில் வகை பிரித்தேன். கண்டனம். அஞ்சலி. ஊர்வல அழைப்பு. தேர்தல். மறுப்பு. மறுப்புக்கு மறுப்பு. கடைசி வகை எதிர்பார்த்ததைவிடப் பெரியது. "கடந்த வாரம் வெளியான விஷமப் பிரசுரத்துக்குப் பதில்" என்று ஒன்று தொடங்கும். அந்த விஷமப் பிரசுரம் இன்னொரு பெட்டியில் கிடைக்கும். ஒரே தேர்தலுக்கு வாக்களிக்கச் சொன்ன தாளும் புறக்கணிக்கச் சொன்ன தாளும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. இரண்டுமே மக்களின் பெயரால் பேசின, இரண்டுமே மற்றவரைத் துரோகி என்றன. விமானத்தில் இருந்து போடப்பட்ட ஒரு தாளும் இருந்தது. வீடுகளை விட்டு வெளியேறுங்கள் என்று மோசமான தமிழில் எழுதியிருந்தது. யாரோ அதை எட்டாக மடித்துக் கடிதத்துக்குள் வைத்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். அதை ஸ்கானரில் விரித்து வைத்தபோது மடிப்புகள் படியவில்லை. விரலால் பல தடவை நீவினேன். அப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

பெரும்பாலான தாள்களின் பின்பக்கம் வெறுமை. சிலவற்றில் மட்டும் அப்பாவின் கையெழுத்து. அவர் இங்கே வந்து படவரைஞராக வேலை செய்தவர். அவருடைய எழுத்து அச்சைப்போல நிற்கும், மென்பொருள் தடுமாறாமல் வாசித்தது. எழுதியிருந்தது விநியோகப் பட்டியல். ஒவ்வொரு கட்டின் மேல் தாளிலும் எந்தத் தெரு, எந்த வீடு, யார். எங்கள் ஆட்களில் ஒரே பெயரில் நாலு பேராவது இருப்பார்கள். அதனால் எல்லோரும் செய்வதுபோல அப்பாவும் பெயருக்கு முன்னால் ஊரை எழுதியிருந்தார். பெயருக்குப் பின்னால் ஒரு குறி. சரி என்றால் கொடுக்கலாம். புள்ளடி, அதாவது பெருக்கல் குறி என்றால், கொடுத்தால் சண்டை வரும். சிலருக்கு வட்டம். அன்ரியின் பெயருக்குப் பின்னால் வட்டம்.

ஊர், பெயர், சிட்னித் தெரு, சார்பு. நான்கு நிரல்கள். இதைவிட ஒழுங்கான பட்டியலை இலங்கை ராணுவத்தால்கூடக் கேட்டு வாங்க முடியாது. நான் ஒரு மருத்துவமனையின் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு நோயாளியின் பெயர் தெரியும் திரையை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் போடக்கூட எழும்ப மாட்டேன். ஆனால் இவை எனக்கு வரலாறாகத் தெரிந்தன. வரலாற்றில் இருப்பவர்கள் விமானம் ஏறுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அன்ரி தொலைபேசியில் சத்தம் போடவில்லை. பெறாமகள் அனுப்பிய படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "ரெண்டு பக்கமும் ஏன் பிள்ளை எடுத்தனி? வாசிக்கிறதுக்கு ஒரு பக்கம் காணாதே?"

பாதித் தரவு பிழையான தரவு என்று எங்கள் வேலையில் சொல்வார்கள். அன்ரியிடம் தளத்தை மூடிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அழைப்பு முடிந்த ஐந்து நிமிடத்தில் தளத்தை மூடினேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. மடிக்கணினியைக் குசினி மேசைக்கும் படுக்கைக்கும் பால்கனிக்கும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். தளத்துக்கு யார் வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். சிட்னி, மெல்பேர்ண், ரொறன்ரோ, லண்டன். முழுத் தொகுப்பையும் தரவிறக்கியவர்கள் பதினொரு பேர். கொழும்பில் இருந்து இரண்டு வருகைகள். ஒன்று நாற்பது விநாடி. மற்றது ஒரு மணித்தியாலத்துக்கும் மேல்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் அப்பாவிடம் போனேன். வட்டம் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பாதி கட்டிய பெட்டி ஒன்றுக்குள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, வீட்டில் ஆள் இருக்கும் என்று அர்த்தம் என்றார். நான் எட்டு வட்டங்களைக் கண்டுபிடித்திருந்தேன். எட்டுமே கராஜ் உள்ள வீடுகள். அதைச் சொன்னேன். அவர் கோப்பை ஒன்றைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்துத் திரும்பச் சுற்றினார்.

அன்று பின்னேரம் அன்ரி வந்தார். வேலைச் சீருடையோடு வந்து, கதிரைகள் எல்லாம் கட்டப்பட்டிருந்ததால் ஒரு பெட்டிமேல் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார், அவர் குடிக்கவில்லை.

"அண்ணை, எனக்கு நேர சொல்லுங்கோ. என்ர பேருக்குப் பக்கத்தில உது என்ன?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கட்டுகள் வைக்கிற இடம், தங்கச்சி. உங்கட கராஜில வைச்சனாங்கள்."

"திருவிழா நோட்டீஸ் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நான் பெட்டியைத் திறந்தும் பாக்கேல்லை. சாமி விசயம் எண்டு மேல ஒரு சாமானும் வைக்காமல் விட்டனான்."

அப்பாவிடம் விளக்கங்கள் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். அன்ரியின் கணவர் மற்றப் பக்கத்தைச் சேர்ந்தவர், உண்மையைச் சொல்லியிருந்தால் வைக்க விட்டிருக்க மாட்டார். அப்போது எல்லோரும் அப்படித்தான். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்ததில்லை. அவர் பேசப் பேச, நான் அந்தப் பெட்டிகளில் வாசித்த மறுப்புகளின் ஒழுங்கு அப்படியே வந்தது. முதலில் சூழ்நிலை, பிறகு மற்றவரின் தவறு, கடைசியில் நல்லெண்ணம். அன்ரி கையை உயர்த்தினார், அப்பா நிறுத்தினார்.

"பட்டியலில பேர் இருக்கிறது ஒண்டு, கட்டு வைச்சவள் எண்டு இருக்கிறது வேற," என்றார் அன்ரி. "தெரிஞ்சு செய்தவளெண்டால் நான் அதைச் சுமப்பன். இது நான் செய்யாதது."

கொழும்பு வருகைகளைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்காவைப் பார்க்காமல் விடுவார். சொல்லாவிட்டால் நான் அப்பா செய்ததையே செய்கிறேன். வாசல்வரை கூடப் போய், காருக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன்.

"ஆர் எண்டு தெரியுமோ?"

"தெரியாது அன்ரி. பள்ளிக்கூடப் பிள்ளையா இருக்கலாம். ஆராய்ச்சி செய்யிற ஆளா இருக்கலாம்."

"ஆமியாவும் இருக்கலாம்."

"ஓம்."

அவர் கார்க் கதவைத் திறந்து, திரும்ப மூடினார். தான் முன்பு ஊருக்குப் போன இரண்டு தடவையும் எயார்போர்ட்டில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, இந்தமுறை கேட்டால் என்ன சொல்வது என்றார்.  தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன் என்றும், அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை என்றும் சொன்னேன். அது உண்மை. அன்ரி தலையாட்டினார். அந்த மூல ஒற்றையைத் தனக்குத் தரும்படி கேட்டார். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு இருந்த பத்து நாளும் எனக்கு ஒரே வேலை. பதினொரு பேரையும் தேடினேன். குழுக்களில் கேட்டேன், நண்பர்களின் நண்பர்களைப் பிடித்தேன், ஒருவரை ஹோம்புஷ் மளிகைக் கடை ஒன்றில் வழிமறித்தேன். ஏழு பேரைக் கண்டுபிடித்தேன். ஆறு பேர் அழித்தார்கள், திரையைப் படமெடுத்து அனுப்பினார்கள். ஏழாமவர், போர் ஆவணங்களை அழிக்கக் கேட்பது நீங்களே ஒரு கட்சியாகிவிடுவது என்று நீண்ட மின்னஞ்சல் எழுதினார். பிரசுரங்களை வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கங்களை மட்டும் அழியுங்கள் என்று பதில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

இப்போதைய நிலை இது. தளம் மூடியிருக்கிறது. பதினொரு பிரதிகளில் ஐந்து எங்கோ இருக்கின்றன. கொழும்பு வருகைகள் யாருடையவை என்று தெரியாது. அன்ரி போனார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவரை மற்றவர்களைவிட நீண்ட நேரம் மறித்து வைத்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை. பிறகு விட்டார்கள். அக்காவோடு ஆறு நாளாக இருக்கிறார். திரும்பி வர ஒன்பது நாள் இருக்கிறது. அம்மாவோடு ஒவ்வொரு காலையும் பேசுகிறார். அப்பாவோடு பேசவில்லை.