பூஜையில் வைத்த தடி

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. இப்போது அந்த டிராமும் இல்லை. அப்போது நான் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், சின்ன அச்சாபீஸ் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்து வந்தேன். வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. அச்சாபீஸை அடுத்த அறையில்தான் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். சுற்றிலும் மாட்டுக் கொட்டகைகள். விடிந்தால் சாணி வாசமும் அச்சு மை வாசமும் கலந்துதான் வரும்.

பத்திரிகைக்கு முதலாளியும் ஆசிரியரும் ஒருவரே. நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம், ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். நான் அம்மனைக் கும்பிடுகிறவன், அதிகம் படித்தவனும் இல்லை. எழுத்தைக் கோத்துக் கோத்துத்தான் எனக்குத் தமிழே வாசிக்க வந்தது. ஆனாலும் எங்களுக்குள் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அச்சாபீஸில் நாங்கள் படைக்கும்போது அவர் ஒதுங்கி நின்றுகொள்வார். ஆனால் பொரி, கடலை, பழம் எல்லாம் அவர் செலவுதான்.

எங்கள் வட்டாரத்துக் கொட்டகைகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் ஓர் அதிகாரி இருந்தார். அவர் மனம் குளிரும்படி நடந்துகொள்ளாதவர்களின் கொட்டகை சுத்தமாக இல்லை என்று எழுதி, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதுவும் கறவை மாடாகப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். போன மாடு திரும்பி வராது. எங்கே போகிறது என்று கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

எங்கள் வரிசையில் ஒரு பால்கார அம்மா இருந்தார். புருஷன் இறந்துபோனவர், மாட்டை வைத்துத்தான் பிழைப்பு. அவருடைய பசுவும் போயிற்று. புக்கித் தீமா ரோட்டுப் பக்கம் அந்த அதிகாரியின் மைத்துனர் வைத்திருக்கும் கொட்டகையில் அது நிற்கிறது என்று யாரோ சொல்ல, அந்த அம்மா நடந்தே போய் வேலிக்கு வெளியே நின்று, "லட்சுமி" என்று கூப்பிட்டிருக்கிறார். உள்ளேயிருந்து பசு கத்தியிருக்கிறது. ஆட்கள் விரட்டியதும் நேரே எங்கள் அச்சாபீஸுக்கு வந்து அழுதார்.

எங்கள் முதலாளி காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவிடுகிற ஆள் இல்லை. மறுநாளே குதிரை வண்டி பிடித்து, அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நானே கேட்டுட்டேன் தம்பி. மூணு தடவை கூப்பிடச் சொன்னேன், மூணு தடவையும் பதில் குடுத்துச்சு. இனி எழுதலாம்."

இந்த விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. அதிகாரிக்கு வேண்டியவர், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எதுக்கு முதலாளி உங்களுக்கு இந்த மாட்டு வம்பு?"

"மாடே நம்மகிட்ட வந்து பேசிடுச்சே, நான் என்ன செய்யட்டும்?" என்றார் இவர். வந்தவர் சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனார்.

அந்த வாரமே ஒரு நாள், மாலைத் தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்தவரைச் சந்து முனையில் சிலர் மடக்கித் தடியால் அடித்துவிட்டார்கள். எழுதுகிற கையைப் பார்த்து அடித்திருந்தார்கள். மணிக்கட்டு ஒடிந்துபோயிற்று. மாத்தா, அதாவது போலீஸ்காரர், வந்து விசாரித்தார், நாலு கேள்வி கேட்டார், போனார். போலீசிலிருந்து அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

கையில் கட்டோடு அச்சாபீஸ் உள்ளறையிலேயே படுத்துக்கொண்ட முதலாளி, "நான் சொல்றேன், நீ கோத்துக்கிட்டே வா" என்றார். அப்படியே செய்தேன். அவர் சொல்லச் சொல்ல ஈய எழுத்தை எடுத்து அடுக்கினேன். காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கோத்து முடித்து, எழுத்து நகராதபடி இரும்புச் சட்டத்தில் முடுக்கி, சரிபார்க்க ஒரே ஒரு தாள் அடித்துக் காட்டினோம். பார்த்துத் திருத்திவிட்டு அதையும் அடுப்பில் போடச் சொல்லிவிட்டார். ஆக, அந்தச் செய்தி உலகத்தில் இருந்தது அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான்.

மறுநாள் சரஸ்வதி பூஜை.

"இன்னிக்கே அச்சடிச்சுடுவோம் தம்பி. மாடுங்களைப் படகுல ஏத்தி ஜொகூருக்கு அனுப்பப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் என்னால் முடியவில்லை. பூஜையன்று எழுத்தைத் தொடுவதில்லை என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். "இன்னிக்குக் கை வைக்க மாட்டேன் முதலாளி. நாளைக்குக் காலையில முதல் வேலை இதுதான்" என்றேன். அவருக்குக் கோபம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். முடுக்கிய சட்டத்தைப் பலகையில் வைத்து, வெள்ளை வேட்டி போர்த்தி, பூ வைத்தோம். அந்தச் சந்தில் எங்கள் அச்சாபீஸ் பூஜைதான் பெரியது. அதனால் வண்டிக்காரர்கள் சாட்டையையும், தச்சர் உளியையும், பால்கார அம்மா பால் செம்பையும் கொண்டுவந்து எங்கள் பூஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். என் மனைவிதான் எல்லாவற்றையும் வாங்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் நல்ல கட்டுமஸ்தான ஆள். நெற்றியில் திருநீறு, கையில் பூண் போட்ட தடி. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, முதலாளியை அடித்த கும்பல் இதுதான் என்று. கையில் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். எழுத்துப் பெட்டிகளைத் தெருவில் கவிழ்த்தால் போதும், அதோடு எங்கள் பத்திரிகை முடிந்தது. புது எழுத்து மதராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதை வாங்க முதலாளிக்கு வழியும் கிடையாது.

என் மனைவிக்கு எதுவும் தெரியாது. "வாங்கண்ணே, வாங்க. செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க, பூஜை போட்டிருக்கு" என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்றவன் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"தடியை வைக்கணுமா? இப்படிக் குடுங்க. வண்டி ஓட்டுறீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி. இது... காவல் வேலை."

"எந்த வேலையா இருந்தா என்ன, தொழில் பண்ற ஆயுதம்தானே" என்று அவர் கையிலிருந்த தடியை வாங்கினாள். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வேட்டி போர்த்தியிருந்த சட்டத்தின் மேலேயே கொண்டுபோய்ச் சார்த்தினாள்.

"அண்ணே, தடி..." என்று ஒருவன் முணுமுணுத்தான். "சும்மா இருடா" என்றார் அவர்.

வாழை இலைத் துண்டில் சுண்டலைக் கொடுத்தபடி என் மனைவி சொன்னாள்: "எங்க முதலாளி கையை எந்தப் பாவியோ ஒடிச்சுப் போட்டுட்டாண்ணே. தங்கமான மனுஷன். அவருக்காகவும் ஒரு தடவை கும்பிட்டுக்குங்க."

நான் கற்பூரம் காட்டினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். அந்த மனிதர் கையில் சுண்டலை வைத்துக்கொண்டு, கும்பிடவும் முடியாமல் கும்பிடாமல் இருக்கவும் முடியாமல் நின்றார். பிறகு சுண்டலைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கும்பிட்டார்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. கழுத்தில் தொங்கும் கையோடு முதலாளி நின்றார். தடிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆள் தலை குனிந்துகொண்டார்.

"உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

போகும்போது அந்த ஆள் தடி இருந்த பக்கம் கையை நீட்டினார். என் மனைவி விடவில்லை. "ஐயையோ, வச்சது வச்சதுதாண்ணே. நாளைக்குக் காலையில எடுத்தாத்தான் தொழில் விளங்கும்லா." வெறுங்கையோடு மூன்று பேரும் படி இறங்கினார்கள்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் முதலாளியிடம் ஓடினேன். "மாத்தாவைக் கூப்பிடவா முதலாளி?" என்றேன்.

"அவன்தான் அடிச்சவன், எனக்கும் தெரியும். பிடிச்சுக் குடுத்தா தடிதான் மாட்டும். தடியை அனுப்பினவன் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டிருப்பான். அவனைப் பத்தித்தான் நாம எழுதியிருக்கோம்" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்: "தெரிஞ்சிருந்தாக் கதவைச் சாத்தியிருப்பேன். அவங்களும் உடைச்சிருப்பாங்க."

விஜயதசமிக் காலையில் கற்பூரம் காட்டிவிட்டு, தடியை எடுத்து வாசலில் சாத்தினேன். எப்போதும்போல முதல் தாளில் அம்மன் பெயரை மட்டும் அடித்துக் கும்பிட்டோம். பிறகு சட்டத்தை மிஷினில் ஏற்றினேன்; அடுத்த தாளிலிருந்து பசுவின் கதை. பால்காரர்களே பத்திரிகையைப் பால் தூக்கோடு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

மை காய்வதற்குள் அந்த ஆள் தனியாக வந்தார். தடியை எடுத்துக்கொண்டவர் போகாமல் நின்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது. அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க?"

பால்கார அம்மா வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்ட இடத்தை வாசித்துக் காட்டினேன்.

"கூப்பிட்டதும் கத்துச்சா?"

"கத்துச்சுண்ணே. முதலாளியே காதால கேட்டாரு."

"எங்களைப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல. தன் கை ஒடிஞ்சதையே எழுத வேணாம்னுட்டாரு."

அவர் குங்குமம் அழியாத தடியோடு போனார். திருந்தினாரா என்று கேட்டால், இல்லை. அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் எங்கள் சந்துப் பக்கம் மட்டும் வரவில்லை.

பால்கார அம்மாவுக்கு லட்சுமி திரும்பக் கிடைத்தது. மற்றவர்களின் மாடுகள் பலவும் கிடைக்கவில்லை. அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள், தண்டனை என்று எதுவும் இல்லை. முதலாளி மேல் மானநஷ்ட வழக்குப் போட்டு, கோர்ட்டுக்கு அலைய விட்டே பத்திரிகையை நிறுத்த வைத்தார்கள். அவர் ஊருக்குக் கப்பல் ஏறியபோது வழியனுப்பப் போனேன். கோணலாகக் கூடிய அந்தக் கையால்தான் என் தோளைத் தட்டினார்.

அன்று எழுத்தைக் காப்பாற்றியது அம்மன்தான் என்று நான் நம்புகிறேன், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கை கண்முன் வந்து நிற்கிறது. கடையில் எதையாவது பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்தால், பிரித்து ஒரு வரியாவது வாசித்துவிட்டுத்தான் தூரப் போடுகிறேன். யாருடைய கை வலித்து எழுதியதோ.