இலை மூடிய தரை

எனக்குப் புல்தரை பிடிக்காது. இலை மூடிய தரை அதைவிடப் பிடிக்காது. வன்னியிலிருந்து கல்யாணம் முடித்து லண்டனுக்கு வந்து, மகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும்கூட, பார்க்கில் தார் போட்ட பாதையை விட்டு நான் இறங்கியதில்லை.

என் கணவர் இளவயதிலேயே ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து இல்ஃபோர்ட்டில் கடை திறந்தவர். நிலத்தில் புதைத்து வைக்கும் மிதிவெடி அவருக்குச் செய்தியில் கேட்ட சொல். எனக்கோ, விறகு பொறுக்கப் போன தம்பியை ஒற்றைக் காலோடு தூக்கி வந்த நாள் அது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரிப்பார்.

"நீங்கள் அரளாமல் இருக்கிறதுக்கு ஜெர்மனிக்காரனுக்கு நன்றி சொல்லுங்கோ" என்பேன். வாயில் நான் தோற்பதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் இருந்தது. தரையில் கால் வைக்கும் இந்தப் பயம் மகளுக்குத் தொற்றிவிடக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுக்கலாம், இதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றிருந்தேன்.

அந்த வருடம் பின்னேரங்களில் படம் எடுக்கும் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். இலையுதிர் காலக் காட்டை எடுத்து வரச் சொல்லி, ஆசிரியை தன் வைட் ஆங்கிள் லென்ஸைக் கையில் தந்தார். இந்த லென்ஸில் தூரத்து மரமெல்லாம் தீக்குச்சியாகிவிடும், அதனால் காட்டுக்குள் இறங்கிக் காலடியிலிருந்து படத்தைத் தொடங்குங்கள் என்றார். காலடியிலிருந்து! யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை எப்பிங் காட்டுக்குப் போனோம். கணவர் தேநீர் வாங்க வான் வண்டிக் கடைப்பக்கம் போக, நானும் சிவப்புக் கோட் போட்ட மகளும் பாதையில் நின்றோம். காடு முழுக்கச் செம்பும் மஞ்சளுமாக இருந்தது. கமராவுக்குள்ளோ பாதிப் படத்தைப் பாதையே பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். பாதை ஓரத்தில் குந்தி, ஒரு காலின் சப்பாத்து நுனியை இலையில் வைத்தேன். உடனே இழுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன். முதுகு வியர்த்தது.

அப்போது கமராவுக்குள் அந்தச் சிவப்புக் கோட் ஓடியது.

என் விரல் தானாக அமுக்கிவிட்டது. கழுவி வந்த அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்னால் இலைகள் சாப்பாட்டுத் தட்டளவில் கிடக்க, அவற்றுக்கு அப்பால் என் பிள்ளை ஒரு பொட்டளவில் தெரிகிறாள். உண்மையில் பத்துப் பன்னிரண்டு அடி தூரம்தான். அன்று எனக்கும் அவள் படத்தில் தெரிகிற தூரத்தில்தான் இருந்தாள்.

"அசையாதை! அப்பிடியே நில்!"

காடே கேட்கக் கத்தினேன். அவள் நின்றாள். ஒரு கால் நிலத்தில், மற்றக் கால் அந்தரத்தில். முகம் கோணி, சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

"திரும்பி வா" என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வருவதென்றால் அவள் இன்னும் எத்தனை தரம் கால் வைக்க வேண்டும்? யாரோ ஒருவரின் நாய் அவளைச் சுற்றி இலையைக் கிளறிக்கொண்டு ஓடியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இது லண்டன், இங்கே ஒன்றும் இல்லை என்பது என் புத்திக்கு விளங்கியது. காலுக்கு விளங்கவில்லை.

அவள் ஓடிய இடமெல்லாம் இலை கலைந்து கிடந்தது. வன்னியில் நாங்கள் எப்படி நடந்தோமோ அப்படியே நடந்தேன். முன்னால் போனவரின் கால் பட்ட இடத்தில் மட்டும் கால். இம்முறை முன்னால் போனவர் என் மகள். ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்தேன். கழுத்தில் தொங்கிய கமரா நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

கிட்டப் போய் அவளைக் கட்டிப் பிடித்தேன். எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், என் காதுக்குள் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் இப்ப காலை வைக்கலாமோ?"

காலை வைக்க அனுமதி கேட்கிறாள். எதை அவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்றிருந்தேனோ, அதை ஒரே கத்தலில் கொடுத்துவிட்டேன்.

கணவர் தேநீரோடு பாதைக்கு வந்துவிட்டார். "உமக்கென்ன விசரோ? சத்தம் அங்கை வரைக்கும் கேக்குது" என்றவர், எங்கள் முகத்தைக் கண்டதும் குரலைத் தணித்தார். "சரி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரும்."

தூக்கத்தான் கை போனது. தூக்கினால் இந்தத் தரை கூடாதது என்று அவளுக்கு முடிவாகிவிடும். கையை எடுத்தேன்.

"ஓம் குஞ்சு, வைக்கலாம். ஓடு, அப்பாட்டை ஓடு."

அவள் ஓடவில்லை. என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுடைய தடத்துக்குள் ஒடுங்கி நின்றது. பிள்ளைகளை ஏமாற்ற ஏலாது.

பல்லைக் கடித்துக்கொண்டு, இலை கலையாத பக்கமாகத் திரும்பி ஓடினேன். ஒவ்வொரு அடியிலும் செத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் என் காலின் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு பின்னால் இலை நொறுங்கியது. அவள் என் தடத்தில் வரவில்லை. பக்கத்தால் ஓடி வந்து, என்னை முந்திக்கொண்டு போனாள்.