நான் நேரம் குறித்த பேருந்தில் நானே ஏறினேன்

மூன்று வருடமாகக் கோவையில் வீட்டிலிருந்தபடியே, ஒரகடத்திலுள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பேருந்துகளுக்கு நேரம் போடுகிறேன். அந்த இடத்தைப் பார்த்ததேயில்லை. அங்குள்ளவர்களுக்கு நான் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. அலுத்துப்போய், நான்கு நாள் அங்கே வந்து வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போன மாதம் கிளம்பினேன்.

சென்னைக்கு ரயில், பூந்தமல்லியிலிருந்து டவுன் பஸ். இருங்காட்டுக்கோட்டையில் லாட்ஜ், நாளுக்கு எண்ணூறு ரூபாய். வெந்நீர் உண்டு, கொசுவும் உண்டு. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒப்பந்தத் தொழிலாளர் பேருந்தில் ஏறினேன். தொழிற்சாலை இருபத்திரண்டு கிலோமீட்டர். என் கணக்குப்படி 5.35க்குப் போய்விடும். 5.45க்குக் கேன்டீன் மூடும், ஆறுக்கு ஷிப்ட். கச்சிதமாகப் போட்டிருக்கிறேன் என்று எனக்குப் பெருமைதான்.

தொழிலாளர்கள் தங்கும் நான்கு விடுதிகளில் நின்று, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, வல்லக்கோட்டை வரும்போதே மணி 5.40. பக்கத்து இருக்கையில் சங்கரன்கோவில்காரப் பெண் செல்வி. காலையில் என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன்.

"எங்கக்கா சாப்பிட? நாங்க போகையில கேன்டீன் பூட்டிருக்கும். போன வாரம் லைன்லயே மயங்கி விழுந்துட்டேன். இன்னொருக்கா விழுந்தா ஊருக்குப் போயிருன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

ஓட்டுநர் டில்லி அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "எவனோ ஊட்ல குந்திகினு டைம் போட்டுக்கீறான். இந்த ரோட்ட பாத்திருக்கவே மாட்டான்."

"நான்தான் அண்ணா அது," என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்ப முன்சீட்டுக்கு வாம்மா. நல்லா பாரு ரோட்ட."

வெட்கமாகத்தான் இருந்தது. 5.52க்கு இறங்கியபோது எங்களுக்கு முன்னால் வந்துவிட்ட இன்னொரு பேருந்து நின்றிருந்தது. நிரந்தரத் தொழிலாளர்களுடையது, ஒரே நிறுத்தம், பாதி இருக்கை காலி. அன்றே மேலாளரிடம் போய் நின்றேன்.

"பர்மனென்ட்டுக்கு ஒண்ணு, கான்ட்ராக்ட்டுக்கு ஒண்ணுன்னு பஸ்ஸப் பிரிக்கணும்னு ரூலே இல்லையே. யாரு பிரிச்சது?" என்றார்.

அன்றைக்கு இரண்டாவது முறையாக "நான்தான்" என்றேன். யாரோ விட்டுப்போன பழைய பட்டியலை மூன்று வருடமாக அப்படியே நகலெடுத்திருந்தேன். நிறுத்தங்களை இரு பேருந்துகளுக்கும் பங்கிட்டு, யாரும் எதிலும் ஏறலாம் என்று மாற்றினோம். மறுநாள் 5.34க்குக் கேன்டீன். செல்வி இரண்டு முறை பொங்கல் வாங்கினாள்.

போக நினைப்பவர்களுக்கு: லாட்ஜுக்குக் கொசுவத்தி கொண்டுபோங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால், உங்கள் வேலை யார் தலையில் விடிகிறது என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.

கோவை திரும்பிய பிறகும் தினமும் 5.40க்குச் செல்வியிடமிருந்து போனில் ஒரு படம் வரும், சாப்பிட்டு முடித்த காலித் தட்டு. அதைப் பார்த்த பிறகுதான் நான் எழுந்து காபி போடுகிறேன்.