குருவிகள் வருகின்றன என்றேன்

பக்கத்து வீட்டு நோர்வேஜிய மனுசி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது மார்கழியில். அம்புலன்ஸ்காரர் அவரை வெளியே கொண்டு வரும்போது நான் குப்பைப் பையோடு வாசலில் நின்றேன். அந்த வேதனையிலும் என்னைக் கண்டதும் கையைக் காட்டி அவர்களை நிற்பாட்டினார். மகனுக்கு அறிவிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, தன் பின்வளவுக்கு வரும் குருவிகளுக்கு நான் சாப்பாடு வைக்க முடியுமா என்று.

எண்பது வயது மனுசி, படுக்கையில் கிடந்தபடி கேட்கிறார். ஏலாது என்று சொல்லக்கூடிய வளர்ப்பு எனக்கு இல்லை. ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அவருடைய மரத்தில் என்ன தொங்குகிறது என்றுகூட அதுவரை நான் கவனித்ததில்லை.

லோறென்ஸ்கூக் என்ற இந்த ஊரில் எங்களுடையவை வரிசை வீடுகள். அவருக்கும் எங்களுக்கும் இடையில் முழங்கால் உயர வேலிதான். இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து அவர் தொலைபேசி எடுத்தார். பின்வளவுக் களஞ்சிய அறையில் ஒரு வாளி இருக்கிறதாம். அதற்குள் சூரியகாந்தி விதைப் பையும் பச்சை வலையில் போட்ட கொழுப்பு உருண்டைகளும் இருக்கின்றனவாம். விடிந்தவுடன் வைக்க வேண்டும். உப்புப் பட்ட எதையும் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, நடுவில் நிற்பாட்டக் கூடாது. நிற்பாட்டினால் அவை வேறு இடம் தேடிப் போய்விடும், இந்தக் குளிரில் இவ்வளவு சின்னப் பகலுக்குள் தேடித் திரிய அவற்றுக்கு நேரம் இல்லை என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது அவை இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

நான் பஸ் ஓட்டுகிறவன். பின்னேர வேலை என்பதால் காலையில் கொஞ்சம் படுக்கலாம் என்பது என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சொகுசு. அதுவும் போயிற்று. இருட்டோடு எழும்பி, முழங்கால் புதையும் சினோப் பனியில் வேலியைத் தாண்டி, விறைத்த விரல்களால் உருண்டைகளைக் கட்டினேன். போய்வர வசதியாக வாளியை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து குசினித் தட்டில் வைத்தேன். மஞ்சள் வயிறும் கறுத்த தலையுமாகச் சின்னக் குருவிகள் வந்தன. நெஞ்சு சிவந்த ஒரு சோடி வந்தது. தின்றுவிட்டுப் போயின. எனக்கு அவற்றில் பெரிய பாசம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த மனுசி எடுப்பார். "வந்தனவா?" வந்தன என்பேன். நன்றி சொல்லி வைத்துவிடுவார்.

திருவெம்பாவை தொடங்கியது. பத்து நாளும் வீட்டில் சுத்த சைவம். இரண்டாம் நாள் காலை மனைவி குசினிக்குள் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோ."

வாளியின் அடியில் கிடந்த பெட்டி மட்டையை நீட்டினாள். வாசித்தேன். மாட்டுக் கொழுப்பு.

இருபத்தைந்து வருசமாக இந்த நாட்டில் பிஸ்கட், சீஸ், பிள்ளைகளின் இனிப்பு என்று ஒவ்வொரு பெட்டியையும் பின்பக்கம் திருப்பி வாசித்தே வாங்கிய ஆட்கள் நாங்கள். குருவிச் சாப்பாட்டை மட்டும் இரண்டு பேரும் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"விளக்குக்கு விடுற எண்ணெய்க்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறியள். உதைத் தொட்ட கையாலை தானே வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்தினனீங்கள்?"

"குருவி சைவமெண்டு நான் எங்கை சொன்னனான்?"

"குருவி என்னத்தையும் தின்னட்டும். என்ரை குசினிக்குள்ளை வேண்டாம்."

நான் குளித்துவிட்டு வருவதற்குள் வாளியோடு விதையும் குப்பைத் தொட்டிக்குப் போய், குப்பை லொறியும் வந்து போய்விட்டது. வருசம் முழுவதும் பிந்தி வருகிற லொறி அன்றைக்கு நேரத்துக்கு வந்தது. குசினி முழுக்க மஞ்சள் தண்ணீர் வாசம். எனக்கு வந்த ஆத்திரத்தில், இதெல்லாம் எனக்கு எதற்கு என்றுகூட யோசித்தேன். வேலைக்குப் போகும்வரையும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைக்குப் போகவில்லை.

அடுத்த மூன்று நாளும் சோறு வைத்தேன். கோயிலில் தந்த வடையையும் பிய்த்துப் போட்டேன். உப்பு வேண்டாம் என்று மனுசி சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போட்டேன், சோம்பல்தான். வைத்த சோறு அரை மணித்தியாலத்தில் கல்லாகிவிடும். அதைக் கொத்த வால் நீண்ட கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டமாக இறங்கி, மரத்தையே தங்களுடையதாக்கிக்கொண்டன. சின்னதுகள் ஒன்றையும் காணவில்லை. அந்த மூன்று நாளும் மனுசி கேட்டபோது, அந்தப் பெரிய பறவைகளை மனதில் வைத்துத்தான் வந்தன என்றேன்.

நாலாம் நாள் விதை வாங்கிக்கொண்டு வந்து வைத்தேன். வரவில்லை. பெரிய பறவைகளையும் காணவில்லை, கிளை வெறுமையாகக் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"வந்தனவா?"

"வந்தன," என்றேன்.

முதல் நாள் அந்த ஒரு சொல்லோடு தப்பிவிட்டேன். அடுத்தடுத்த நாட்களில் பொய்க்கு நிறமும் அடிக்க வேண்டியிருந்தது. எத்தனை வந்தன, சிவத்த சோடி வந்ததா, எது எதைக் கலைத்தது. வெறும் கிளையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மனுசி சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்கு என்மேலேயே எரிச்சல் ஏறியது. தை முடிவில் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வந்து யன்னலில் இருந்து பார்த்தால் என்ன தெரியும்? அதற்குள் அந்தக் குருவிகள் திரும்பி வந்தே ஆகவேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை. பஸ்ஸை ஓட்டும்போதும் தரிப்பிடங்களில் மரங்களைத்தான் பார்த்தேன்.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் தானாகவே தேங்காய்க் கொழுப்பை உருக்கி, ஓட்ஸும் விதையும் போட்டுக் கிண்டி, புட்டுக் குழலுக்குள் கடதாசி சுற்றி ஊற்றி வெளியே வைத்தாள். ஒரு மணித்தியாலத்தில் இறுகிவிட்டது. தள்ளி எடுத்தால் அச்சு அசல் புட்டு. "கொண்டுபோய்க் கட்டுங்கோ. இதுக்குள்ளை ஒரு பாவமும் இல்லை," என்றாள். கட்டினேன். அதற்கும் வரவில்லை. ஒரு கிழமை அந்தப் புட்டு தொட ஆளில்லாமல் காற்றில் ஆடியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் முகம் சுருங்கியது.

பிறகு ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நின்ற என்னை அவள் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு யன்னலுக்குப் போனாள். புட்டில் ஒரு மஞ்சள் வயிறு தலைகீழாகத் தொங்கியது. இன்னொன்று. பிறகு ஐந்தாறு சேர்ந்து. கடைசியில் சிவத்த சோடியும் வந்து விதைத் தட்டில் இருந்தது. வாயில் நுரையோடு எண்ணினேன். பதினொன்று. இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக அவற்றைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது.

பன்னிரண்டு மணி வரை என்னால் பொறுக்க முடியவில்லை. நானே எடுத்தேன்.

"பதினொன்று வந்திருக்கின்றன. சிவத்த சோடியும் நிற்கிறது," என்றேன்.

"நேற்றும் அப்படித்தானே சொன்னீர்கள்," என்றார். குரல் நிம்மதியாக இருந்தது. "நானே உங்களுக்குச் சொல்ல இருந்தேன். நான் வீட்டுக்கு வரவில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. வீட்டை மகன் விற்கப்போகிறான்."

ஏன் இப்படித் திடீரென்று என்று கேட்டேன்.

"நான் மறுத்துக்கொண்டுதான் இருந்தேன். குருவிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மகனோடு பெரிய சண்டை. பிறகு நீங்கள் ஒவ்வொரு நாளும் சொன்னதைக் கேட்டேன். அவற்றுக்கு நான் இல்லாமலும் ஒரு குறையும் இல்லையே. நேற்றுப் பின்னேரம் கையெழுத்து வைத்துவிட்டேன்."

நேற்று ஒரு குருவியும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மிகவும் நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். மனைவி திரும்பிப் பார்த்து, "என்னவாம், சந்தோசப்பட்டவவோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வெளியே அவை பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன. ஓடிப்போய் யன்னலில் அடித்து அத்தனையையும் கலைத்துவிட வேண்டும் போல எனக்கு இருந்தது.