தகப்பன் பெயருக்கான கட்டம்

"அந்தக் கட்டத்தை நிரப்பிட்டியா, இல்லையா?" வெள்ளிக்கிழமை மதியம் முரளி அங்கிள் மூன்றாவது முறையாகக் கேட்டார். இல்லை என்றேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வேலையே செய்யாத மாதிரி. அடுத்தவர் குடும்ப மரம் வரைகிற தொழில். கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய காலத்து சர்ச் பதிவுகளை ஸ்கிரீனில் பெரிதாக்கிப் படித்து, அவர்களுடைய வாரிசுகளுக்கு முன்னோர் பெயர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் இங்கே அமெரிக்காவில், பார்சிப்பனி என்கிற ஊரில், ஒரு தோசைக் கடை மாடியில். ஐ.டி. வேலை போனபிறகு அங்கிள் ஆரம்பித்தது. நான் பதினொன்றாவதோடு ஹைஸ்கூலை விட்டவன். வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நாள் முழுக்கப் புரியாத கையெழுத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களே, இது உங்களுக்குத்தான்.

பட்டப்பெயர்கள்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தேவையும் இல்லை. ஞானஸ்நானப் பதிவு எல்லாம் ஒரே வாக்கியம், பெயர்தான் மாறும். அந்தப் பெயர்தான் தொல்லை. பட்டாளத்துக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர். ஒருத்தன் லாஃப்ளூர், அதாவது 'பூ', இன்னொருத்தன் 'கவலையில்லாதவன்'. மகன் அந்தப் பட்டப்பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வான். மரத்தில் மேலே போகப் போக வேறு பெயர் வரும்.

"நாங்க லாஃப்ளூர். நீ எவன் குடும்பத்தையோ குடுத்திருக்கே" என்று ஒரு அம்மா போனில் கத்தினார். அங்கிள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எங்க சித்தப்பா ரேஷன் கார்டுல 'குப்புசாமி என்கிற பாபு'ன்னு இருக்கும்டா. அதேதான் இது. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே."

என் லாஸ்ட் நேம்

ஜெரார்ட் வால்மோரே மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு மாடி ஏறி வந்தார். வயது எண்பது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார். கல்லறைக் கல் தயாராம். அதில் கப்பலேறி வந்த முதல் வால்மோரேயின் பெயரும், அவன் அப்பா பெயரும் மேலே வர வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

உன் குடும்பப் பெயர் எத்தனை தலைமுறை என்று கேட்டார். ஒன்றுதான் என்றேன். எங்கள் வீட்டில் அப்பா பெயரைத்தான் லாஸ்ட் நேம் கட்டத்தில் போடுவோம், எனக்குப் பிள்ளை பிறந்தால் என் பெயர் வரும், அப்பா பெயர் போய்விடும். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்கறீங்க. குடுத்துவெச்சவங்கப்பா நீங்க."

சுமார் பத்து வயது

முதல் வால்மோரேயைக் கண்டுபிடித்தேன். அவன் கப்பலில் வரவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பழங்குடிக் குழந்தைகளை விலைக்கு வாங்கி வீட்டில் அடிமையாக வைத்திருப்பார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு ஒரே சொல்தான், 'பானி'. ஞானஸ்நானப் பதிவு இப்படி இருந்தது: வியாபாரி வால்மோரேக்குச் சொந்தமான பானி, வயது சுமார் பத்து, பெற்றோர் தெரியாது, பெயர் பியேர் என்று வைக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வருடம் தள்ளி அதே சர்ச்சில் கல்யாணம், பியேர் வால்மோரே என்று. வியாபாரிக்குப் பிள்ளையே கிடையாது. இரண்டு நாள் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜெரார்டின் பெயர் அந்தப் பையனை வாங்கினவனின் பெயர்.

அங்கிளிடம் காட்டினேன். ஸ்கிரீனில் இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னார்: "சாகப்போற மனுஷன்டா. அந்த வியாபாரி பேரை அப்பா கட்டத்துல போட்டுடு. நிம்மதியாப் போகட்டும். யாரு வந்து செக் பண்ணப் போறா?"

சனிக்கிழமை

ஜெரார்டின் மகள் கதவைத் திறந்தாள். அவர் கட்டிலில் இருந்தார். குடும்ப மரத்தை அவர் மடியில் விரித்தேன். உச்சியில் பியேர். அவனுக்கு மேலே ஒரு கட்டம், உள்ளே ஒன்றும் இல்லை. பதிவை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் வரிவரியாகச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மகள் என்னை வெளியே தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவர் விரலால் அந்தக் காலிக் கட்டத்தைத் தடவினார்.

"அவனோட சொந்தப் பேர் என்ன?"

"எழுதலை சார்."

ஜெரார்ட் மகளிடம், கல்லில் பியேர் என்று கொத்தச் சொல், அதற்கு மேலே ஒரு வரி இடம் விடச் சொல் என்றார். என் பக்கம் திரும்பினார். "பத்து வயசுப் பையனுக்குத் தன் பேர் தெரிஞ்சிருக்கும். ஒருத்தராவது கேட்டிருக்கலாம்."

திங்கட்கிழமை கல் கொத்துகிறவர் ஆபீசுக்குப் போன் செய்து, மேலே ஒரு வரி சும்மா கிடக்கிறது, ஏதாவது ஒரு பெயர் கொடு என்றார், அங்கிளும் கொடுத்துத் தொலை என்றார்; சொன்னதைச் செய்கிற பழக்கம் எனக்கு ஸ்கூலிலேயே கிடையாது.