மான் பார்க்கக் கட்டிய மறைப்பு

அந்த மறைப்புக்கு இடம் பார்த்துக் கொடுத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது இந்தப் பேச்சை எடுத்தால் என்னை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். "அது சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்" என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அப்பாவுக்கு அமீரகத்துப் புஜைராவில், எண்ணெய் டேங்குகள் வரிசையாக நிற்கும் ஒரு யார்டில் சூப்பர்வைசர் வேலை. அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, வேறொரு கம்பெனியில் சாரம் கட்டும் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. கேம்ப்பில் எட்டுப் பேர் இருக்கும் ரூமில் அவருக்கு ஒரு மேல்கட்டில். டியூட்டி இல்லாத வெள்ளிக்கிழமைகளில் எங்களிடம் வந்துவிடுவார்.

ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய பேரீச்சைத் தோட்டம் இருந்தது. அதில் ஒரு பகுதியை அப்பாவும் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தார்கள். வெண்டை, கீரை, இரண்டு முருங்கை, மூன்று குடும்பங்கள். தோட்டத்துக்காரர் ஒரு வயதான அரபி. எல்லோரும் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இந்தியும் வராது, ஆங்கிலமும் வராது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் அரபி ஒரு பாடம். அதனால் குத்தகை பேசிய அன்று மூன்று பெரிய மனிதர்களுக்கும் நடுவில் நின்று பேசியவள் நான்தான்.

அர்பாப் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. தோட்டத்தின் பின்பக்கம் ஒரு பாத்தி நிறையக் குதிரைமசால் வளர்ந்திருந்தது. அங்கே அதை ஜத் என்பார்கள். அதை யாரும் அறுக்கக் கூடாது, பின்வேலியில் இருக்கும் உடைசலை யாரும் அடைக்கக் கூடாது, அது மலையிலிருந்து வருகிறவர்களுக்கு என்றார். வருகிறவர்கள் என்றால் யார் என்று கேட்டேன். "கஸால்" என்றார். மான். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையாட்டினார். நன்றாகத்தான் தலையாட்டினார்.

எனக்கு அந்த மான்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. வியாழக்கிழமை இரவு தோட்டத்து ரூமில் தங்கினால் விடியும்போது பின்பக்கம் போய் நிற்பேன். காலடித் தடம் இருக்கும், புழுக்கை இருக்கும், மான் இருக்காது. சித்தப்பாதான் சொன்னார்.

"நீ நிக்கிறது அதுக்குத் தெரியும் மக்கா. மறைஞ்சு இருக்கணும். ஒரு மறைப்பு கட்டுவோம். எங்க கட்டணும்னு நீ பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். வேலிக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூன்று வாரம் நோட்டில் எழுதினேன். விடியற்காலையில் மலையிலிருந்து கடல் பக்கமாக அடிக்கும். மான் வருவதும் மலையிலிருந்து. ஆகவே பாத்திக்குக் கடல் பக்கம் உட்கார்ந்தால் நம் வாசனை அதற்குப் போகாது. இதை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்கு அப்படியொரு பெருமை. இப்போது நினைத்தால் அந்த நோட்டைக் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

சித்தப்பா சைட்டில் கழித்துப்போட்ட பிளைவுட்டும் நான்கு இரும்புக் குழாயும் ஃபோர்மேனிடம் சொல்லி வாங்கிவந்தார். மூன்று பக்கம் பலகை, மேலே பேரீச்சை ஓலை. வெளிப்பக்கமும் ஓலையால் மூடி, பத்தடி தள்ளி நின்றால் காய்ந்த மரம் விழுந்து கிடப்பது போலச் செய்துவிட்டார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன், ஓலை பிடித்தேன், இரண்டு விரலில் முள் ஏறியது. எனக்குக் கண் எட்டும் உயரத்தில் நீளமாக ஒரு திறப்பு. அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னும் மேல வெட்டுல. அகலமா."

"பிள்ளைக்கு இது போதும்ணே."

"பெரியவங்களும் பார்க்கணும்லா."

சித்தப்பா திறப்பையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார். அப்பாவும் என்னைப் போல மான் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரமே பார்த்தோம். நானும் சித்தப்பாவும் தரையில் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. வேலி உடைசலில் முதலில் ஒரு முகம். அது அப்படியே நின்றது, நின்றது, எனக்குக் கால் மரத்துப்போகும்வரை நின்றது. பிறகு உள்ளே வந்தது. அதன் பின்னால் மூன்று, கடைசியாக ஒரு குட்டி. ஆட்டைவிடச் சிறியவை, அவ்வளவு மெல்லிய கால்கள். ஜத்தை மெல்லும் சத்தம் கேட்டது. சித்தப்பா என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் எழுதினேன். எத்தனை மணிக்கு வந்தன, எத்தனை வந்தன, எவ்வளவு நேரம் நின்றன.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் மேனேஜர் தோட்டத்துக்கு வந்தார். நல்ல பூட்ஸ், நல்ல சிரிப்பு. எனக்குப் பெரிய சாக்லேட் டப்பா கொடுத்தார். மறைப்புக்குள் போய் உட்கார்ந்து பார்த்து, திறப்பில் கையை ஊன்றிப் பார்த்து, பிரமாதம் என்றார். எத்தனை மணிக்கு வரும் என்று என்னைக் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டி, காற்றைப் பற்றியும் விளக்கினேன். அப்பா பக்கத்தில் நின்று, "கிளாஸ்ல ஃபர்ஸ்ட் சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து எனக்குப் பரீட்சை. படிக்கட்டும் என்று என்னையும் அம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டு அப்பா மட்டும் வியாழக்கிழமையே தோட்டத்துக்குப் போனார். மறுநாள் மதியம் மற்றொரு குடும்பத்தின் காரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிரியாணி தயாராக இருந்தது. மூன்று குடும்பமும் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். கறி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். "ஊர் ஆடு" என்றார் அப்பா. யாரோ சிரித்தார்கள். அம்மா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவ மோட்டார் ரூம் பின்னால் போனேன். இரண்டு பூனைகள் ஒரு கறுப்புக் குப்பைப் பையை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தன. உள்ளிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய கால், சின்னக் குளம்பு. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

திரும்பி ஓடிவந்தபோது சித்தப்பா குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் ரத்தம்.

"யார் செஞ்சது?" என்று கத்தினேன். பாயில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மக்கா. உள்ள போ" என்றார் சித்தப்பா.

எனக்கு அது போதும். கட்டியவர் அவர், ரத்தம் அவர் சட்டையில். எனக்குக் கண் கலங்கிக் காட்டியதெல்லாம் நடிப்பு. அன்றுபோல ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. உடம்பு முழுக்கக் காய்ச்சல் போல எரிந்தது.

சாயங்காலம் அர்பாப் தன் பிக்கப்பில் வருவார், ஒவ்வொரு வெள்ளியும் வருவார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடினேன். அப்பா பின்னால் கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த அரபி முழுவதையும் கொட்டினேன். கஸால், செத்துப்போச்சு, சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன்.

"மினு?" என்றார். யார்?

"அம்மி" என்றேன்.

அப்பாவின் தம்பிக்கு அரபியில் அதுதான் சொல். அதைச் சொல்லிச் சொல்லி, உன்னை அரைக்கிற கல் என்கிறார்கள் என்று சித்தப்பாவைக் கேலி செய்திருக்கிறேன். அன்று கேலியில்லை. கையை நீட்டிக் காட்டினேன்.

அர்பாப் மோட்டார் ரூம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சித்தப்பாவின் எதிரில் போய் நின்று, நீயா என்று கேட்டார். சித்தப்பா ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அதற்கப்புறம் அர்பாப் பேசியதை எல்லாம் தமிழில் சொன்னவளும் நான்தான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். போலீசுக்குப் போனால் இவனுக்கு ஜெயில். உங்கள் குழந்தை முகத்துக்காகப் போகவில்லை. ஆனால் மாதம் முடியும்போது இவன் இந்த நாட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் போவேன். கலாஸ், அவ்வளவுதான். ஒரு சொல் விடாமல், சத்தமாக, ரசித்து ரசித்துச் சொன்னேன்.

மாதம் முடியும் முன்பே சித்தப்பா விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போனார். நான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. அதன் பிறகு விடுமுறையில் ஊருக்குப் போனாலும் அவர் வந்தால் மாடிக்குப் போய்விடுவேன். என் கல்யாணத்தில் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். நான் போட்டோகிராபர் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினேழு வருஷம் இப்படி.

போன வருஷம் என் மகனுக்கு ஞானஸ்நானம். ஊரில், அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து யார் யாரை அழைப்பது என்று எழுதிக்கொண்டிருந்தேன். சித்தப்பா வேண்டாம் என்றேன். அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போதும்டி. அவன் அன்னைக்கு விடியக்காலைல அங்க இல்லவே இல்ல. அவனுக்குக் காலைல டியூட்டி. பதினோரு மணிக்குத்தான் வந்தான். கறி வெட்ட ஆள் வேணும்னு உங்கப்பாதான் போன் போட்டு வரச் சொன்னாரு."

"அப்ப யாரு?"

"அந்த மேனேஜர். அவரு சுட்டது தப்பிடுச்சு. துப்பாக்கிய உங்கப்பா கைல குடுத்து, நீ சுடுன்னாரு. இவரு சுட்டாரு. அது விழுந்துட்டு."

அம்மா பேசிக்கொண்டே போனாள். அப்பா போனால் மூன்று பேரும் போக வேண்டியிருக்கும், உன் படிப்பு நின்றிருக்கும், தான் ஒற்றை ஆள் என்று சித்தப்பாவே சொன்னார், எல்லாம் உனக்காகத்தான்.

எனக்காக. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மறைப்பு கட்டியது எனக்காக. திறப்பைப் பெரிதாக்கியது எனக்காக. பதினொரு வயதுப் பிள்ளையை விட்டு ஒரு மனிதனை நாடு கடத்தியதும் எனக்காக. அத்தனை பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்களே, ஒருவருக்குமா நாக்கு இல்லை?

முன்னறையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அம்மா சொன்னது உண்மையா?"

பேப்பரைத் தாழ்த்தாமலே, "அதெல்லாம் முடிஞ்சு போன விஷயம்" என்றார்.

அன்று அந்த வீட்டில் நான் கத்திய கத்தல் தெருக் கோடிவரை கேட்டிருக்கும். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தெரிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"நீ அன்னைக்கு அரபி நல்லா பேசின மக்கா. ஒரு தட்டுத் தடங்கல் இல்ல" என்றார்.

அவர்மேலும் எனக்குக் கோபம்தான். ஒரு தடவையாவது மறுத்திருக்கலாம்.

தோட்டத்தைக் காலி செய்த கடைசி நாள் இப்போதெல்லாம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. சித்தப்பா தனியாக அந்த மறைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஓலையைத் தனியாக, பலகையைத் தனியாக, குழாயைத் தனியாக அடுக்கினார். நான் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவர் முகத்தில் எறிந்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வண்டில போய் உக்காரு, வெயில்" என்றார்.

வண்டியில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. தலை குனிந்திருந்தது. தம்பி செய்த காரியத்துக்காக அப்பா இப்படி வெட்கப்படுகிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "நீங்க என்னப்பா பண்ணுவீங்க" என்று சொல்லி அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.