பதினெட்டு என்று போட்டிருந்த பெட்டி

"பிள்ளைக்கு எத்தினை வயசு அக்கா?" என்று கடையில் நின்ற பெண் கேட்டாள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் உறைகளும் வயர்களும் தொங்கும் ஒடுங்கலான கடை அது. என் மகள் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரலை அழுத்தி ஒரு கேம் சீடியைக் காட்டிக்கொண்டு நின்றாள். அதன் அட்டையில் பழைய வீட்டுக் கதவு ஒன்று இருந்தது. கதவு இடுக்கில் ஒரு கண்.

"பத்து," என்றேன்.

அவள் அந்த அட்டைப் பெட்டியை எடுத்துத் திருப்பி, கீழ் மூலையைக் காட்டினாள். சிவப்புக் கட்டத்துக்குள் பதினெட்டு என்று போட்டிருந்தது. "இது பெரிய ஆக்களுக்கு அக்கா. சரியான பயக்கெடுதி. கார் ஓடுறது இருக்கு, பந்தடிக்கிறது இருக்கு. அதுகளைப் பாருங்கோவன்."

"எங்கட வகுப்பில எல்லாரும் இதைப்பற்றித்தான் கதைக்கினம்," என்றாள் மகள்.

என் கணவர் சிரித்தார். "உது வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குப் போட்ட நம்பர் தங்கச்சி. இவளின்ரை வயசு வரமுந்தியே நாங்கள் சண்டை நேரம் பங்கர்க் கிடங்குக்குள்ள கிடந்தனாங்கள். ரீவியில வாறதுக்குப் பயப்பிடுறதோ?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா? பிள்ளை பத்து வயசெண்டுறியள்."

ஊர்காவற்றுறை பஸ் வெளிக்கிடும் நேரம். என் இடுப்பில் இருந்த சின்ன மகன் சிணுங்கிக்கொண்டிருந்தான். மகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். புலமைப்பரிசில் சோதனையில் பாஸ் பண்ணினால் கேட்டதை வாங்கித் தருவோம் என்று சொன்னதும் நாங்கள்தான். "விளையாட்டுச் சாமான்தானே, குடுங்கோ," என்றேன்.

கேம் விளையாடும் மெஷினை லண்டனில் இருக்கும் என் தம்பி அனுப்பியிருந்தான். கோயில் திருநாளுக்கு வந்த சொந்தக்காரர் கொண்டுவந்து தந்தார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி விளங்கிய ஒரே ஆள் மகள். கணவர் கடற்தொழில் செய்பவர். நான் வீட்டில் இருந்து தைப்பேன். வயரை எங்கே கொழுவுவது என்பதற்கே அவளைத்தான் கேட்கவேண்டும்.

முதல் நாள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன். ஒரு பெரிய இருட்டு வீடு. வீட்டுக்குள் ஒரு சின்னப் பிள்ளை தனியாக நிற்கிறது. சட்டையின் தலைமூடியை முகம்வரை இழுத்துவிட்ட ஒருவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். முகம் தெரியாது. பிள்ளை எங்கேயாவது ஒளிக்கவேண்டும். ஒளித்தபின் மூச்சை அடக்க ஒரு பட்டனை அமத்திப் பிடிக்கவேண்டும். விரலை எடுத்தால் மூச்சுச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடும்.

"கேட்டா என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

"பாக்காதேங்கோ அம்மா, உங்களுக்குப் பயம்," என்றாள் அவள்.

எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நேராக ஒரு தையல் போட முடியவில்லை. தையல் மெஷினைத் தூக்கி முன் விறாந்தையில் வைத்துக்கொண்டேன். பிள்ளை கடற்கரைப் பக்கம் போகாமல் வீட்டுக்குள் என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறாளே என்று ஆறுதலாகக்கூட இருந்தது. கண்ணுக்கு முன்னால் என்று நினைத்தேன், ஆனால் நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சில கிழமைக்குள் அவள் மாறிப்போனாள். பொழுதுபடமுன்பே வெளிக் கக்கூசுக்குப் போக என் கையைப் பிடித்தாள். குளிக்கும்போது கதவைச் சாத்த விடமாட்டாள். படுக்கமுன் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்ப்பாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா, எங்கட வீட்டுப் பின்கதவை வெளியில நிண்டு ஒராள் தள்ளினாத் திறக்குமோ?" என்று கேட்டாள்.

"ஏன் பிள்ளை?"

"சும்மா."

கணவரிடம் சொன்னேன். "இஞ்சருங்கோ, பிள்ளை பயப்பிடுறாள். உந்தக் கேமை எடுத்து வைப்பமோ?"

"எடுத்தா அழுவாள். ரெண்டு நாளையில பழகீடும்," என்றார். கடலுக்கு முதல்முதல் போனபோது தானும் பயந்ததாகச் சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

அது மாரிகாலம். விடாமல் மழை பெய்து பள்ளிக்கூடங்களையும் மூடியிருந்தார்கள். காற்று பலத்ததால் கணவர் தொழிலுக்குப் போகவில்லை. படகை இன்னும் மேலே இழுத்துக் கட்டவென்று மத்தியானம் துறைக்குப் போயிருந்தார். நான் தைத்து முடித்த சட்டை ஒன்றை வீட்டு ஒழுங்கையின் அந்தத் தொங்கலில், கடைசியாக இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சின்னவனுக்கு அப்போது இரண்டரை வயது. மூக்கு முழுக்கச் சளி. மழையில் அவனைக் கொண்டுபோக மனம் வரவில்லை.

"ஒரு எட்டுப் போட்டு வாறன். தம்பியைப் பாத்துக்கொள்," என்றேன். மகள் ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள். சின்னவன் அவளின் மடியில் இருந்தான்.

சட்டையைக் கொடுத்துவிட்டுக் கதைக்கக்கூட நிற்காமல் திரும்பினேன். ஒழுங்கையில் கரண்ட் மீற்றர் பார்க்க வருகிறவர் எதிரே வந்தார். மழைக்கு நீளமான ரெயின்கோட் போட்டு, அதன் மூடியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார். அவரை எங்களுக்குக் கனகாலமாகத் தெரியும். நல்ல மனிதர்.

"உங்கட வீட்டில ஒருத்தரும் இல்லைப்போல அக்கா," என்றார். "முன்னுக்கு நிண்டு கூப்பிட்டனான். பின்பக்கம் போய்க் குசினிக் கதவிலையும் தட்டினனான். சத்தமில்லை. மீற்றரைப் பாத்திட்டு வந்திட்டன்."

"பிள்ளையள் நிக்குதுகளே," என்றேன்.

"ரீவி ஓடுற சத்தம் கேட்டது. பிள்ளையளின்ரை சத்தம் ஒண்டும் கேக்கேல்லை."

குடையை எந்த இடத்தில் போட்டேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஓடினேன். முன்கதவு நான் சாத்திய மாதிரியே இருந்தது. உள்ளே ரீவியில் அந்த இருட்டு வீடு அசையாமல் நின்றது. யாரோ மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கதிரைக்குப் பக்கத்தில் சின்னவனின் பால் போத்தல் கவிழ்ந்து கிடந்தது.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. குசினி, அறை, கக்கூஸ் எங்கும் இல்லை. அதற்குப் பிறகு என் கால்கள் தாமாகவே கிணற்றடிக்குப் போய்விட்டன.

மாரிக்குக் கிணறு நிரம்பியிருந்தது. கையை நீட்டினால் தண்ணீரைத் தொடலாம். மழைத்துளி விழுந்து விழுந்து அடியில் எதுவும் தெரியவில்லை. கிணற்றுக் கட்டின்மேல் வயிற்றை வைத்துக் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினேன். என் வாயில் இருந்து வந்த சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தா. அவவின் மகன் துறைக்கு ஓடி என் கணவரைக் கூட்டிவந்தான்.

வந்த மனிதர் இடுப்புச் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கிவிட்டார். தண்ணீருக்குள் போனார். மேலே வந்தார். திரும்பப் போனார். அவர் தலை தெரியாத ஒவ்வொரு முறையும், வரும்போது கையில் எதைக் கொண்டுவருவார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்டுமில்லை," என்றார். முழங்கை இரண்டும் உரசி இரத்தம் வழிந்தது. "இன்னும் அடிக்குப் போகோணும். கயிறு கொண்டுவாரும்."

கயிறு அறைக்குள் அலுமாரிக்கு மேல் இருந்தது. கதிரையில் ஏறிக் கையை நீட்டினேன். அப்போது, என் முழங்காலுக்கு நேரே, அலுமாரிக்குள்ளே, மிக மெல்லிய ஒரு சத்தம். மூக்கடைத்த பிள்ளை ஒன்று மூச்சுக்கு இழுக்கிற சத்தம்.

கதவைத் திறந்தேன். தொங்கிய சேலைகளுக்குப் பின்னால் மகள் குந்தியிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவில் சின்னவன். அவனின் வாயை அவள் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். அவன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கையை எடு," என்று கத்தினேன்.

"சத்தம் போடாதேங்கோ அம்மா," என்று அவள் குசுகுசுத்தாள். "அவன் இன்னும் போகேல்லை. அவனுக்குக் கேக்கும்."

அவளின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துத்தான் பிரித்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. சின்னவன் மூச்சு எடுக்கவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். ஒரு இருமல் வந்தது. பிறகு அழுகை. பிள்ளை ஒன்று அழுவதைக் கேட்டு நான் அப்படி ஒருநாளும் சந்தோசப்பட்டதில்லை.

அவனை நெஞ்சோடு அணைத்தபடி நிலத்தில் இருந்தபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பங்கருக்குள் என் அம்மா இதேமாதிரித்தான் என் தம்பியின் வாயைப் பொத்தினா. வெளியே ஆமிச் சப்பாத்துகள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பியின் கால்கள் உதறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவன்தான் இப்போது லண்டனில் இருக்கிறான். மகளுக்கு அந்தக் கதையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் ஒரு இளம் பெண். சின்னவனின் நெஞ்சைச் சோதித்து, கொஞ்ச நேரம் ஒக்சிசன் பிடித்தார். "சளியோட இருக்கிற பிள்ளை வாயாலதான் மூச்சு விடும். வாயைப் பொத்தினா வேற வழியில்லை," என்றார். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." அதற்கு மேல் சொல்லாமல் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "நீர் ஏன் ஒளிச்சனீர்?"

"தலைமூடி போட்டவன் வந்தவன்," என்றாள் மகள். "முன்கதவில கூப்பிட்டான். பிறகு பின்கதவுக்கு வந்து தட்டினான். அப்பிடித்தான் அதில வரும். மூச்சுச் சத்தம் கேட்டாக் கண்டுபிடிச்சிடுவான். தம்பி மூக்கை உறிஞ்சேக்க எல்லாம் வாயைப் பொத்தினனான்."

"எதில வரும்?"

மகள் எங்களைப் பார்த்தாள். நான் சொன்னேன். அட்டையில் என்ன போட்டிருந்தது என்பதையும் சொன்னேன். டொக்டர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த கணவரின் உடுப்பில் இருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. "அந்தக் கடைப் பிள்ளை ரெண்டு தரம் கேட்டது," என்றார்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டில் நின்றபோது, அவர் ரீவிக்கு முன்னால் இருந்து அந்தக் கேமைப் போட்டார். என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அவருக்குப் பட்டன்கள் பிடிபடவில்லை. தட்டுத்தடுமாறி ஒரு கட்டிலுக்குக் கீழே ஒளித்தார். காலடிகள் வந்தன. கட்டில் பக்கமாக அந்தத் தலைமூடி மெல்லக் குனிந்தது. அதற்குப் பிறகு வந்ததை நான் எழுதமாட்டேன். இருட்டுக்குள் தனியாகக் கடலுக்குப் போகும் மனிதர், கையில் இருந்ததை எறிந்துவிட்டு எழும்பி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பங்கருக்குள்ள எனக்குப் பக்கத்தில அம்மா இருந்தவ," என்றார் பிறகு. "இதுக்குள்ள பிள்ளை தனிய இருந்திருக்கிறாள். நாங்கள் விறாந்தையில."

சீடியைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமே என்றேன். இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகும் என்று அவர் மறுத்து, அதைக் காலால் மிதித்து உடைத்தார். லண்டன் தம்பி போனில் ஒவ்வொரு படியாகச் சொல்ல, வயதுக்கு மீறிய எதையும் திறக்காதபடி கேம் மெஷினுக்குள் ஒரு இரகசிய எண் போட்டோம். எண்ணை நாங்கள் இரண்டு பேர் மட்டும் வைத்திருக்கிறோம். இப்போது எது வாங்கினாலும் முதலில் பெட்டியைத் திருப்பி மூலையைப் பார்ப்பேன். முதல்முறை அவளுக்குப் பக்கத்தில் நாங்களும் இருந்து விளையாடுவோம். இதற்கு ஊரில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மீற்றர்காரர் விசயம் கேள்விப்பட்டு மனம் நொந்து வீட்டுக்கு வந்தார். வெறும் தலையோடு முன்வாசலில் நின்று, மகளின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கிட்டப் போக அவளுக்கு இரண்டு மாதம் எடுத்தது.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சின்னவன் முற்றத்தில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் வந்திருக்காட்டித் தம்பி செத்திருப்பானோ?" என்றாள்.

என் கை நின்றுவிட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "ஆனா அது உன்ரை பிழையில்லை. நீ அவனைக் காப்பாத்தத்தான் பாத்தனி. அதை வாங்கித் தந்த நாங்கள்தான் பாத்திருக்கோணும்."

அவள் முற்றத்தில் ஓடிய தம்பியைப் பார்த்தாள். பிறகு, "மற்றப் பக்கமும் பின்னுங்கோ, பஸ் வந்திடும்," என்றாள். நான் பின்னினேன். ரிபனை இரண்டு தரம் அவிழ்த்துத் திரும்ப முடிந்தேன்.